வேகக் காருக்குக் கிளட்சும் ஃப்ளைவீலும்: எதைப் பார்த்து வாங்குவது?

நெடுஞ்சாலையில் ஐந்தாவது கியரில் போய்க்கொண்டிருக்கும் ஒரு காரின் ஆக்சிலரேட்டரை, முன்னால் போகும் லாரியை முந்துவதற்காக முழுதாக மிதிக்கிறோம். வேகமானி ஏறக்குறைய அசையாமல் இருக்க, ஆர்பிஎம், அதாவது என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுழல்கிறது என்பதைக் காட்டும் முள் மட்டும் 2,500-இலிருந்து 3,500-க்குத் துள்ளி ஏறுகிறது என்றால், அந்தக் காரின் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். என்ஜின் உண்டாக்கும் வலுவில் ஒரு பகுதி சக்கரத்துக்குப் போகாமல், இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே வெப்பமாகத் தீர்ந்துகொண்டிருக்கிறது. சாதாரணக் காரில் இது பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த பிறகு வரும் நோய். என்ஜினைக் கட்டுப்படுத்தும் மென்பொருளை மாற்றி வலுவைக் கூட்டிய காரிலோ, கிளட்ச் பாதிகூடத் தேயாத நிலையிலேயே வந்துவிடும்.

இதை விளக்க, இவ்வகைச் சிக்கலுக்குப் பேர்பெற்ற ஒரு காரையே எடுத்துக்கொள்வோம். 2013-இல் வந்த ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ, 2 லிட்டர் டர்போ பெட்ரோல் என்ஜின் கொண்டது. அதன் அடிப்படை வடிவம் 220 குதிரைத்திறனும் 350 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும், அதாவது தண்டைத் திருகிச் சுழற்றும் வலுவும், தந்தது. அந்த 350 முழுவதும் 1,500 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும் என்பது இங்கே முக்கியம். மென்பொருளை மட்டும் மாற்றினாலே இது 400 நியூட்டன் மீட்டரை எளிதில் தாண்டும். மேனுவல் கியர் வைத்த கார்களில் அதற்குப் பிறகு கிளட்ச் வழுக்குவது மிகச் சாதாரணமாகக் காணப்படும் விளைவு.

கிளட்சின் அமைப்பு எளிமையானது. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டின் முனையில் கனமான வட்ட இரும்பு ஒன்று திருகப்பட்டிருக்கும், அதுதான் ஃப்ளைவீல். அதன் மேல் மூடிபோலப் பொருத்தப்படுவது பிரஷர் பிளேட். இவை இரண்டும் என்ஜினோடு சேர்ந்தே சுழலும். இவற்றுக்கு நடுவே, இருபுறமும் உராய்வுப் பொருள் ஒட்டிய கிளட்ச் பிளேட் இருக்கிறது. அது கியர்பாக்ஸுக்குள் போகும் தண்டோடு பிணைந்தது. விரல் விரலாகப் பிளந்த வட்ட ஸ்பிரிங் ஒன்று பிரஷர் பிளேட்டை எப்போதும் அழுத்திக்கொண்டிருப்பதால், நடுவில் உள்ள தட்டு ஃப்ளைவீலோடு இறுகி ஒன்றாகச் சுழல்கிறது. பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் அந்த விரல்களைத் தள்ளும், அழுத்தம் விலகும், தட்டு விடுபடும். பல்லோ கொக்கியோ எதுவும் கிடையாது. முழு வேலையும் உராய்வின் பிடியால் நடக்கிறது. ஆகவே, எவ்வளவு முறுக்குவிசையை அந்தப் பிடி தாங்கும் என்பதுதான் கிளட்ச் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி.

புதிதாக வாங்குபவர்கள் பெரும்பாலும் குதிரைத்திறனைச் சொல்லிக் கிளட்ச் கேட்பார்கள். அது தவறான எண். ஹோண்டா எஸ்2000 என்ற இரண்டு இருக்கைத் திறந்த காரின் தொடக்ககால வடிவம் ஐரோப்பாவில் 240 குதிரைத்திறன் கொண்டதாக விற்கப்பட்டது. கோல்ஃபைவிட 20 அதிகம். ஆனால் டர்போ இல்லாத அந்த என்ஜினின் உச்ச முறுக்குவிசை 208 நியூட்டன் மீட்டர் மட்டுமே, அதுவும் 7,500 ஆர்பிஎம்மில்தான் கிடைக்கும். குதிரைத்திறன் என்பது முறுக்குவிசையைச் சுழலும் வேகத்தால் பெருக்கிப் பெறுவது. ஹோண்டா தன் குதிரைகளை வேகமாகச் சுழன்று சேர்க்கிறது, கோல்ஃப் அழுத்தித் திருகிச் சேர்க்கிறது. கிளட்ச் வழுக்குமா வழுக்காதா என்பதைத் தீர்மானிப்பது அந்தத் திருகல்தான். வலுக் குறைந்த கோல்ஃபுக்கு வலுக் கூடிய எஸ்2000-ஐவிட ஒன்றரை மடங்குக்கு மேல் பிடிமானம் தேவைப்படுவது இதனால்தான். டர்போ கார்களில் கிளட்ச் முதலில் உயர்ந்த கியரில், குறைந்த ஆர்பிஎம்மில் வழுக்கத் தொடங்குவதற்கும் இதுவே காரணம்: முழு முறுக்குவிசையும் அங்கேயே வந்துவிடுகிறது, உயர்ந்த கியரில் காரோ மெதுவாகத்தான் வேகம் பிடிக்கும் என்பதால் கிளட்ச் அந்தச் சுமையை வெகுநேரம் தாங்க வேண்டியிருக்கிறது.

பிடிமானத்தின் கணக்கு பள்ளி இயற்பியலைத் தாண்டாதது. உராயும் முகங்களின் எண்ணிக்கை, உராய்வுக் குணகம், அழுத்தும் விசை, தட்டின் சராசரி ஆரம் ஆகிய நான்கையும் பெருக்கினால், கிளட்ச் தாங்கக்கூடிய முறுக்குவிசை கிடைக்கும். ஒரு தட்டுக்கு இரண்டு முகங்கள். சாதாரண உராய்வுப் பொருளின் குணகம் சுமார் 0.3, 240 மில்லிமீட்டர் விட்டமுள்ள தட்டில் சராசரி ஆரம் ஏறக்குறைய 0.1 மீட்டர். அழுத்தும் விசை 7,500 நியூட்டன், அதாவது முக்கால் டன் எடையைத் தட்டின் மேல் ஏற்றி வைத்தது போன்ற அழுத்தம் என்று கொண்டால், விடை 450 நியூட்டன் மீட்டர். 350 தரும் என்ஜினுக்கு இது தாராளமாகத் தெரியலாம். ஆனால் தட்டு தேயத் தேய அழுத்தும் விசை மாறும், சூடேறினால் உராய்வு குறையும். இவற்றுக்கு ஈடுகொடுக்கவே நாலில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ கூடுதல் இடம் விட்டு வடிவமைப்பது வழக்கம். மென்பொருள் மாற்றிய பிறகு என்ஜினே 430, 450 என்று தரத் தொடங்கினால் அந்த மிச்சம் முழுவதும் கரைந்துவிடுகிறது.

பிடியைக் கூட்ட வேண்டுமானால் அந்த நான்கில் ஒன்றைக் கூட்டியாக வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. ஆரத்தைக் கூட்டக் கியர்பாக்ஸ் கூட்டுக்குள் இடம் இருக்காது. அழுத்தும் விசையைக் கூட்டினால், அதாவது இன்னும் கடினமான பிரஷர் பிளேட்டைப் போட்டால், பெடல் கனக்கும். நெரிசலில் இடது கால் அதை மாலைக்குள் உணர்ந்துவிடும். அதைவிடக் கவனிக்க வேண்டியது, பெடலை மிதிக்கும்போதெல்லாம் அந்தக் கூடுதல் விசை கிராங்க் ஷாஃப்டை முன்னோக்கித் தள்ளுகிறது என்பதாகும். அதைத் தாங்கும் மெல்லிய த்ரஸ்ட் பேரிங்குக்கு எண்ணெய்ப் படலம்தான் பாதுகாப்பு. சிக்னலில் கியரைப் போட்டபடி பெடலை மிதித்துக்கொண்டே காத்திருக்கும் பழக்கம் உள்ளவர், கடினமான பிரஷர் பிளேட்டைப் போட்ட பிறகு அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். முகங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது, அதாவது இரண்டு தட்டுகள் வைத்த கிளட்சைப் போடுவது, பெடலைக் கனக்க வைக்காமலேயே பிடியை இரட்டிப்பாக்கும் நேர்த்தியான வழி. ஆனால் விலை அதிகம், சில வகைகள் பெடலை மிதித்திருக்கும்போது கலகலவென்று ஓசையிடும், 450 நியூட்டன் மீட்டருக்கு அது தேவையும் இல்லை.

மிஞ்சுவது உராய்வுப் பொருள். கார் நிறுவனங்கள் போடுவது பெரும்பாலும் ஆர்கானிக் என்று சொல்லப்படும் வகை: கண்ணாடி இழைகளையும் செம்பு போன்ற உலோக இழைகளையும் பிசினில் பிணைத்துச் செய்தது. மெதுவாகப் பிடிக்கும், ஓசை இராது, ஃப்ளைவீலின் முகத்தை அதிகம் அரிக்காது. அளவுக்கு மீறிச் சூடானால் பிசின் கருகி, முகம் கண்ணாடிபோல் வழவழப்பாகி, பிடி போய்விடும். கெவ்லார் போன்ற அராமிட் இழையில் செய்தவை நெடுநாள் உழைக்கும், மென்மையாகவும் பிடிக்கும்; ஆனால் பழக்கப்படுத்த நெடுநாள் ஆகும், ஒருமுறை கடுமையாகச் சூடாகிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்புவது கடினம். அடுத்தது செராமிக் துகள்களை உலோகத் தூளோடு சேர்த்து வார்த்த வில்லைகள். தட்டின் முழு வட்டத்துக்கும் பதிலாக மூன்று, நான்கு அல்லது ஆறு துண்டுகளாக இவை பதிக்கப்பட்டிருக்கும். இவற்றின் உராய்வுக் குணகம் அதிகம், வெப்பத்தையும் நன்றாகத் தாங்கும். ஆனால் மென்மையாகப் பிடிக்கத் தெரியாது. பெடலின் அசைவில் ஒரு விரலளவுக்குள் ஒன்றுமே இல்லாமையும் முழுப் பிடியும் அடுத்தடுத்து வந்துவிடும். மேட்டில் நின்று கிளம்பும் காரை முன்னும் பின்னும் குலுக்கி எடுத்துவிடும். முழுக்க இரும்புத் தூளை இறுக்கிச் செய்த வகையும் உண்டு. அது பந்தயத் திடலைத் தாண்டி வரக் கூடாத பொருள்.

விற்பனையில் இவற்றை 'ஸ்டேஜ் 1', 'ஸ்டேஜ் 2', 'ஸ்டேஜ் 3' என்று பெயரிடுகிறார்கள். இந்த எண்களுக்கு எந்தப் பொது வரையறையும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் இரண்டாம் நிலை இன்னொரு நிறுவனத்தின் நான்காம் நிலையைவிட அதிகம் தாங்கலாம். நான் பார்த்தவரை, கிளட்ச் வாங்கி வருத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் குறைவாக வாங்கியவர்கள் அல்லர். பெரிய எண்ணைப் பார்த்து மயங்கி, வேலைக்குப் போய்வரும் காருக்கு வில்லை பதித்த தட்டைப் போட்டவர்கள். பெயரை விட்டுவிட்டு, எத்தனை நியூட்டன் மீட்டர் தாங்கும், அந்த அளவு என்ஜினில் அளந்ததா சக்கரத்தில் அளந்ததா, உராய்வுப் பொருள் எது, தட்டின் நடுவில் அதிர்வு தாங்கும் ஸ்பிரிங்குகள் உண்டா இல்லையா என்று கேட்டால் விற்பவருக்கும் நாம் விவரம் தெரிந்தவர் என்பது புரியும்.

கடைசியாகச் சொன்ன ஸ்பிரிங் கேள்விதான் நம்மை ஃப்ளைவீலிடம் கொண்டுசேர்க்கிறது. குயவரின் திகிரியைப் பார்த்தவர்களுக்கு ஃப்ளைவீல் எதற்கு என்று சொல்லத் தேவையில்லை. கோலால் சுழற்றிவிட்ட கனமான சக்கரம், அடுத்த உந்துதல் வரும்வரை தன் வேகத்தை விடாமல் வைத்திருக்கிறது. நான்கு சிலிண்டர் என்ஜினும் அப்படித்தான். அது தொடர்ச்சியாகத் தள்ளுவதில்லை, ஒரு சுற்றுக்கு இரண்டு முறை உதைக்கிறது. அந்த உதைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை ஃப்ளைவீலின் நிறை நிரப்புகிறது. நிறை கூடினால் என்ஜின் சீராக ஓடும், கார் அணையாமல் கிளம்பும். நிறை குறைந்தால் ஆர்பிஎம் சட்டென ஏறிச் சட்டென இறங்கும், கியரைக் குறைக்கும்போது ஆக்சிலரேட்டரைத் தட்டி என்ஜின் வேகத்தைக் கியரின் வேகத்தோடு ஒத்துப்போக வைப்பது எளிதாகும். கிளம்பும்போது மட்டும் சற்றுக் கவனம் தவறினாலும் என்ஜின் நின்றுவிடும்.

இலேசான ஃப்ளைவீல் போட்டால் கார் வேகமாகுமா என்பது அடிக்கடி எழும் கேள்வி. ஆகும், ஆனால் கியரைப் பொறுத்து. ஃப்ளைவீலைச் சுழல வைக்கச் செலவாகும் விசையை, காரில் ஏற்றிய கூடுதல் எடையாக மாற்றிக் கணக்கிடலாம்: குறைத்த நிலைமத் திருப்புத்திறனை (சுழலும் வேகம் மாறுவதை ஒரு பொருள் எவ்வளவு எதிர்க்கிறது என்ற அளவை), மொத்தக் கியர் விகிதத்தின் (சக்கரம் ஒருமுறை சுற்ற என்ஜின் எத்தனை முறை சுற்றுகிறது என்ற எண்ணின்) வர்க்கத்தால் பெருக்கி, சக்கர ஆரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். எடையைப் பாதியாக்கியதால் நிலைமத் திருப்புத்திறன் 0.05 கிலோகிராம் சதுர மீட்டர் குறைந்தது, சக்கர ஆரம் 0.31 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் கியரில் மொத்த விகிதம் 12 என்றால், அது காரிலிருந்து 75 கிலோ எடையை இறக்கியதற்குச் சமம். ஓர் ஆளையே இறக்கிவிட்ட மாதிரி. ஆறாவது கியரில் விகிதம் 2.5 ஆகும்போது அதே மாற்றம் வெறும் 3 கிலோவுக்குத்தான் சமம். ஆகவே இலேசான ஃப்ளைவீலின் பயன் முதல் இரண்டு கியர்களில் தெரியும், நெடுஞ்சாலையில் தெரியாது. உச்சக் குதிரைத்திறன் இதனால் கூடுவதில்லை. வேகம் மாறும்போது ஃப்ளைவீல் விழுங்கும் பங்கு மட்டுமே குறைகிறது.

கோல்ஃப் உள்ளிட்ட இன்றைய கார்கள் பலவற்றில் ஃப்ளைவீல் ஒரே வார்ப்பாக இருப்பதில்லை. என்ஜினோடு திருகப்பட்ட ஒரு பாதி, கிளட்சைத் தாங்கும் இன்னொரு பாதி, இரண்டுக்கும் நடுவே கிரீஸில் மூழ்கிய நீண்ட வளைந்த ஸ்பிரிங்குகள் என்று அமைந்த இதை டூயல் மாஸ் ஃப்ளைவீல் என்கிறோம். ஜெர்மனியின் லூக் நிறுவனம் 1985-இல் இதைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. லூக் என்ற பெயரில் வரும் கிளட்சுகள் நம் ஓசூரிலும் தயாராகின்றன என்பதால், அந்தப் பெயர் தமிழகத்து உதிரிபாகக் கடைகளுக்குப் புதிதல்ல. என்ஜினின் உதைகள் கியர்பாக்ஸுக்குப் போய்ச் சேராமல் அந்த வளைந்த ஸ்பிரிங்குகள் விழுங்கிவிடுகின்றன. நியூட்ரலில் கியர் பற்கள் ஒன்றோடொன்று மோதிக் கடகடக்கும் ஓசை அதனால்தான் எழுவதில்லை. கிளட்ச் பிளேட்டின் நடுவில் ஸ்பிரிங் இல்லாமலோ மிகக் குறைவாகவோ வைக்க முடிவதும் இதனால்தான்.

இதைக் கழற்றிவிட்டுத் திடமான சிங்கிள் மாஸ் ஃப்ளைவீலைப் போடுவது மிகப் பரவலான மாற்றம். இலேசாகும், உடைய ஸ்பிரிங் எதுவும் இல்லை, பெரும்பாலும் விலையும் குறைவு. ஆனால் அதுவரை விழுங்கப்பட்டுவந்த அதிர்வு முழுவதும் இப்போது கியர்பாக்ஸுக்குப் போகும். கிளட்ச் பிளேட்டில் ஸ்பிரிங் இருந்தால் அது ஓரளவு குறையும், மறையாது. பெடலை விட்ட நிலையில் நியூட்ரலில் ஒரு கடகடப்புக் கேட்கும், பெடலை மிதித்ததும் நின்றுவிடும். கெட்டுப்போன பேரிங் என்று பயந்து பட்டறைக்கு ஓடுபவர்கள் உண்டு. பெரும்பாலும் அது கோளாறு அல்ல, அந்த மாற்றத்தின் குணம். ஆனால் அந்த ஓசையோடு தினமும் வாழ முடியுமா என்பதை வாங்குவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டும். மிக இலேசான ஃப்ளைவீலில் இன்னொரு தொல்லையும் வரலாம். கிராங்க் ஷாஃப்டின் வேகத்தில் வரும் நுண்ணிய ஏற்ற இறக்கங்களைப் பார்த்துத்தான் கணினி எரியாத சிலிண்டரைக் கண்டுபிடிக்கிறது. ஏற்ற இறக்கம் இயல்பாகவே கூடிவிட்டால் அது இல்லாத குறையைச் சொல்லி எச்சரிக்கை விளக்கை எரிய விடும்.

எடையைக் குறைப்பதில் யாரும் சொல்லாமல் விடும் பகுதி வெப்பம். ஆர்பிஎம்மை ஒரே அளவில் பிடித்துக்கொண்டு கிளட்சை விட்டுக் கிளம்பினால், கிளட்ச் முழுதாகப் பிடிக்கும் தருணத்தில் கார் எவ்வளவு இயக்க ஆற்றலைப் பெற்றதோ அவ்வளவே ஆற்றல் கிளட்சில் வெப்பமாகியிருக்கும். 1,400 கிலோ காரை முன்சொன்ன முதல் கியர் விகிதத்தில் 2,000 ஆர்பிஎம்மில் கிளப்பினால் அது சுமார் 20 கிலோஜூல். 4,000-இல் கிளப்பினால் 40 அல்ல, 80-க்கும் மேல். வேகத்தின் வர்க்கமாக ஏறுவதுதான் காரணம். அந்த வெப்பத்தை ஃப்ளைவீலும் பிரஷர் பிளேட்டும்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டும் சேர்ந்து 10 கிலோ இரும்பு என்றால் ஒரு கிளம்பலுக்குச் சராசரியாக 18 டிகிரி ஏறும். 6 கிலோ என்றால் 30 டிகிரி. இது சராசரிதான், உராயும் மேல்தோல் அந்தக் கணத்தில் இதைவிடப் பல மடங்கு சூடேறும். நின்ற இடத்திலிருந்து மீண்டும் மீண்டும் சீறிக் கிளம்புவதே நோக்கம் என்றால் கனமான ஃப்ளைவீல்தான் நண்பன். ஓடிக்கொண்டே வளையும் பந்தயத் திடலில் கிளம்புவது ஒரே முறை; அங்கே இலேசானது பொருந்தும்.

பொருளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய வார்ப்பிரும்பு ஃப்ளைவீலை லேத்தில் கொடுத்துப் பின்புறம் கடைந்து எடை குறைத்துத் தருவதாகச் சொல்லும் பட்டறைகள் உண்டு. சுழலும் வட்டின் உள்ளே எழும் இழுவிசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 6,000 ஆர்பிஎம்மில் இருந்ததைவிட 9,000-இல் இரண்டேகால் மடங்கு. வார்ப்பிரும்பு இழுவிசைக்கு நொறுங்கும் இயல்புடையது. கடைந்ததால் எங்கோ ஓரிடம் மெலிந்துபோய், அது வெடித்தால், துண்டுகள் கியர்பாக்ஸ் கூட்டைக் கிழித்துக்கொண்டு ஓட்டுநரின் கால்கள் இருக்கும் இடத்தை நோக்கி வரும். இலேசாக வேண்டும் என்றால் முழு எஃகுப் பாளத்திலிருந்து கடைந்ததையோ, உராயும் இடத்தில் எஃகு வளையம் பதித்த அலுமினியத்தையோ வாங்க வேண்டும். அமெரிக்காவின் எஸ்எஃப்ஐ அமைப்பு ஃப்ளைவீல்களுக்கும் கிளட்சுகளுக்கும் வகுத்த 1.1 என்ற தரநிலைக்கு உட்பட்ட முத்திரை இருந்தால் இன்னும் நல்லது. சில பழைய என்ஜின்களில் ஃப்ளைவீலே எதிர்ச்சமநிலைக் கல்லாகவும் வேலை செய்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. அந்த எதிர்ச்சமநிலையின் அளவு ஃபோர்டின் 302 வி8 என்ஜினின் முந்தைய வடிவத்துக்கு 28 அவுன்ஸ் அங்குலம், எண்பதுகளில் வந்ததற்கு 50 அவுன்ஸ் அங்குலம். ஒன்றுக்கு மற்றதைப் போட்டால் என்ஜின் ஆடித் தீர்த்துவிடும்.

சரி, நம் கோல்ஃபுக்கு என்ன வாங்குவது? மென்பொருள் மாற்றத்துக்குப் பின் 430 நியூட்டன் மீட்டர், தினமும் வேலைக்குப் போய்வருவது, எப்போதாவது ஒரு மலைப்பாதை என்றால், என் தேர்வு 550 அளவுக்குத் தாங்கும் கடினமான பிரஷர் பிளேட்டும் முழு வட்ட ஆர்கானிக் தட்டும்தான். பழைய டூயல் மாஸ் ஃப்ளைவீலின் இரு பாதிகளுக்கும் இடையிலான ஆட்டம் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குள் இருந்து, கிரீஸ் கசியாமல், முகத்தில் நீலம் பாய்ந்த சூட்டுத் தழும்போ வெடிப்போ இல்லாமல் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். ஐயம் இருந்தால் புதிதாக ஒரு டூயல் மாஸையே போடலாம். திடமான ஃப்ளைவீலைப் போல அதை லேத்தில் கொடுத்து முகம் சீவுவதைப் பொதுவாகத் தயாரிப்பாளர்கள் ஏற்பதில்லை. 550-ஐத் தாண்டி 800 தாங்கும் கிளட்சைத் தேடிப் போவதில் இன்னொரு பொருளற்ற செலவு இருக்கிறது. அந்தக் காரின் கியர்பாக்ஸுக்கு எம்க்யூ350 என்று பெயர். அந்த 350 அது தாங்க வகுக்கப்பட்ட முறுக்குவிசை அளவையே குறிக்கிறது. ஏற்கெனவே வரம்பைத் தாண்டித்தான் ஓட்டுகிறோம். முரட்டுக் கிளட்ச் ஒன்று ஒவ்வொரு முறையும் வெடுக்கென்று பிடித்தால், அந்த அதிர்ச்சியைக் கியர் பற்களும் டிரைவ் ஷாஃப்டும்தான் தாங்க வேண்டியிருக்கும்.

கியர்பாக்ஸை இறக்கும் கூலிதான் இந்த வேலையில் பெருஞ்செலவு என்பதால், இறக்கிய கையோடு மாற்ற வேண்டியவை சில உண்டு. கோல்ஃபில் ரிலீஸ் பேரிங்கும் அதைத் தள்ளும் ஹைட்ராலிக் சிலிண்டரும் ஒரே உறுப்பாகக் கியர்பாக்ஸ் கூட்டுக்குள் இருக்கின்றன. அது பின்னால் கசிந்தால் மீண்டும் முழுதாக இறக்க வேண்டும். கிராங்க் ஷாஃப்டின் பின் சீலில் ஈரம் தெரிந்தால் அதையும் மாற்றிவிட வேண்டும். ஒரு சொட்டு எண்ணெய் புதுத் தட்டை வீணாக்கும். இறுக்கும்போது நீண்டு கொடுக்கும் வகை ஃப்ளைவீல் போல்ட்டுகள் ஒருமுறை மட்டுமே பயன்படுத்தத்தக்கவை. பெடலின் திரவம் பிரேக் திரவத்தின் தொட்டியிலிருந்தே வருகிறது. அதையும் புதிதாக்கிக் காற்று நீக்குவது நல்லது.

பூட்டி முடித்த அன்றே முழு வலுவையும் சோதித்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். புதுத் தட்டின் முகமும் ஃப்ளைவீலின் முகமும் நுண்ணிய மேடுகளில் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும். முழுப் பரப்பும் படியும் முன்னே சுமையை ஏற்றினால் அந்த மேடுகள் கருகி, புதுக் கிளட்சே வழுக்கத் தொடங்கும். முதல் 800 கிலோமீட்டரை நகருக்குள், அடிக்கடி நின்று கிளம்பி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்காமல் ஓட்ட வேண்டும். நெடுஞ்சாலையில் ஒரே கியரில் ஓட்டிய 800 கிலோமீட்டர் இந்தக் கணக்கில் சேராது. அங்கே கிளட்ச் ஏறக்குறைய தொடவே படுவதில்லை.